புளி உலுக்க ஏறுறவருக்கு விதி சரியாத்தான் இருக்கு, கயிறுதான் இல்லை

1/
தருமபுரி மாவட்டத்துல தை பிறந்தா புளி சீசன். அரசு மருத்துவமனை எமர்ஜென்சியில எங்களுக்கும் அதே சீசன்தான். மரத்துல இருந்து விழுந்தவங்களைத் தூக்கிட்டு வருவாங்க. கூட வர்றவங்க சொல்றது பெரும்பாலும் ஒண்ணுதான்: "எல்லாம் விதி சார்." அந்த வார்த்தையோடதான் என் சண்டை. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
முதல்ல கணக்கு. 40 அடி உயரக் கிளையில இருந்து தவறினா தரையைத் தொட ஒன்றரை நொடிதான் ஆகும். மோதும்போது வேகம் மணிக்குச் சுமார் 55 கி.மீ. பைக்ல அதே வேகத்துல ஹெல்மெட் இல்லாமப் போனா 1,000 ரூபாய் அபராதம். மரத்துல ஏறுறவரைப் பார்த்து "கயிறு எங்கே?"னு கேட்க ஒரு ஆள் கிடையாது.

3/
கால் ஊன்றி விழுந்தா குதிகால் எலும்பு நொறுங்கும். அதே விசை மேலே ஏறி, மார்பு முதுகெலும்பு முடிஞ்சு இடுப்பு முதுகெலும்பு தொடங்குற இடத்துல இடிக்கும். அங்கே தண்டுவடம் நசுங்கினா இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது, சிறுநீர், மலம் கட்டுப்பாடும் போயிடும். அப்புறம் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று. கவனிச்சுக்க வீட்டுல இன்னொருத்தர் கூலிக்குப் போறதை நிறுத்தணும். விழுந்தது ஒருத்தர், படுத்தது ஒரு குடும்பம்.

4/
"எங்க தாத்தா கயிறு இல்லாமலே 70 வயசு வரைக்கும் ஏறினார்." சரி, ஏறினார். அவர் கூட ஏறி விழுந்தவங்களோட பேரன்கள் இந்தக் கமென்ட்டை எழுத வர்றதில்லை. தப்பிச்சவங்களை மட்டும் எண்ணினா எந்த ஆபத்தும் ஆபத்தா தெரியாது.

5/
"அதான் மரம் ஏறும் மெஷின் வந்தாச்சே?" அது தென்னைக்கு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல 'தென்னை மரத்தின் நண்பர்கள்' பயிற்சியை ஆரம்பிச்சு, மெஷின்ல ஏறக் கத்துக் கொடுத்துச்சு. நல்ல வேலை. ஆனா தென்னை ஒத்தைத் தண்டு. புளி அப்படியா? ஆளுக்கு ஒரு பக்கம் பிரியுற கிளை, நுனி வரைக்கும் போய் உலுக்கணும். அங்கே மெஷின் ஏறாது. இடுப்பிலும் தொடையிலும் மாட்டுற ஹார்னஸ், அதோட ஒரு நல்ல கயிறு. இதைத் தவிர வேற வழி இல்லை.

6/
இங்கதான் அடுத்த ஏமாத்து வேலை. ஹார்டுவேர் கடையில கிலோ கணக்குல விக்கிற பிளாஸ்டிக் கயிறை வாங்கி, முனையில ஒரு முடிச்சைப் போட்டு, "பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டது"னு போட்டோ. அந்தக் கயிறு வெயில்லயே நைஞ்சு போகும். அதைவிட முக்கியமா, ஆளோட உயிர் தொங்குறது கயிற்றின் நடுவுல இல்ல, முனையில. முனையை எப்படி முடிச்சீங்கங்கிறதுதான் கேள்வி.

7/
முடிச்சு போட்டா கயிறு சட்டுனு வளையுது. வளைவின் வெளிப்பக்க நார் மொத்த பாரத்தையும் வாங்குது, உள்பக்க நார் சும்மா நசுங்குது. அதனால முடிச்சு விழுந்த கயிறு தன் பலத்துல மூணுல ஒரு பங்கு, சில முடிச்சுல கிட்டத்தட்ட பாதிகூட இழக்கும்.

8/
நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். தரமான கயிறு பாதி பலத்துலயும் ஒரு ஆளைத் தாங்கும். அப்போ முடிச்சுல என்ன பிரச்சினை? அதைப் போடுறது மனுஷன். காலை 6 மணிக்குச் சரியாப் போட்ட கை, மத்தியானம் பசியிலயும் வேர்வையிலயும் அதே மாதிரி போடும்னு உத்தரவாதம் இல்லை. கிளையில உரசி உரசி முடிச்சு நெகிழும். கவட்டையில போய்ச் சிக்கும்.

9/
இதுக்குத்தான் ஐ ஸ்ப்ளைஸ். கயிற்றின் முனையை அதே கயிற்றின் உடம்புக்குள்ள செருகி உண்டாக்குற நிரந்தர வளையம். முடிச்சே கிடையாது. முப்புரிக் கயிறா இருந்தா புரியைப் பிரிச்சு மாத்தி மாத்திச் செருகிடலாம். மரம் ஏறுறதுக்கான பின்னல் கயிறு வேற மாதிரி. இரட்டைப் பின்னல் கயிற்றுல உள்ளே ஒரு பின்னல், வெளியே ஒரு உறை. உறையின் முனை உள் பின்னலுக்குள்ள போகணும், உள் பின்னலின் முனை உறைக்குள்ள போகணும். நுனியைப் படிப்படியா மெலிசாக்கி, உறையை நீவி மூடி, கடைசியில நூலால குறுக்கே தைக்கணும்.

10/
இது எப்படித் தாங்குது? பின்னலை இழுத்தா நீளும். நீளும்போது குறுகும். குறுகும்போது உள்ளே இருக்கிறதை நெரிக்கும். எவ்வளவு பாரமோ அவ்வளவு பிடி. சரியாச் செஞ்சா கயிற்றின் பலத்துல பெரும்பகுதி அப்படியே நிக்கும். எங்க துறையிலயும் இதே கதைதான். தசைநாரை இன்னொரு தசைநாரோட இணைக்கும்போது முடிச்சு போட மாட்டாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணை ஊடுருவிப் பின்னித் தைப்பாங்க. புல்வர்டாஃப்ட் முறைன்னு பேர். பாரத்தை ஒரே இடத்துல விழவிடாமப் பரப்புறதுதான் தத்துவம்.

11/
இதைப் படிச்சிட்டு யூடியூப் பார்த்து நீங்களே செஞ்சு ஏறிடாதீங்க! 16 இழைக் கயிற்றுல பாரத்தை உறைதான் தாங்கும், அதுக்கு முறை வேற. செருகுற நீளம் கயிற்றின் விட்டத்தைப் பொறுத்து மாறும். தப்பான முடிச்சு பார்த்தாலே தெரியும். தப்பான ஸ்ப்ளைஸ் வெளியே அழகா இருந்துட்டு, பாரம் விழுந்ததும் உருவிட்டு வரும். அமெரிக்காவுல மரம் ஏறுறவங்களுக்கான ஆன்சி இசட்133 தரம், ஏறும் கயிறு குறைஞ்சது 5,400 பவுண்டு, அதாவது சுமார் 2,450 கிலோ தாங்கணும்னு சொல்லுது. ஸ்ப்ளைஸையும் கயிறு தயாரிப்பாளர் சொல்ற முறைப்படிதான் செய்யணும்.

12/
"அது வெளிநாட்டு சமாச்சாரம், நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு?" இந்தக் கேள்விதான் என்னைக் கோபப்படுத்துது. 2,450 கிலோ வெள்ளைக்காரன் எடையா? நம்ம ஆள் விழுந்தா புவியீர்ப்பு கொஞ்சம் பார்த்துப் பண்ணுமா?

13/
"தண்ணி போட்டுட்டு ஏறியிருப்பான்." சிலர் போட்டிருக்கலாம். எதுவுமே போடாம விழுந்தவங்களும் வர்றாங்க. குடிக்காதவர் காலும் வழுக்கும், நல்லா இருக்கிற கிளையும் முறியும். கயிறு ரெண்டு பேரையும் பிடிக்கும்.
"கயிறு கட்டினா வேலை மெதுவா ஆகும்." ஆகும். உலுக்கின புளிக்கு மட்டும் கூலின்னா யாரும் கட்ட மாட்டாங்க. அந்த நேரத்துக்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்க.

14/
செய்ய வேண்டியது என்ன?
ஒண்ணு: சாலையோரப் புளியமரங்களை ஏலம் விடுறது அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும்தான். ஏல நிபந்தனையில ஒரு வரி சேருங்க: ஏறுற ஒவ்வொருத்தருக்கும் ஹார்னஸ், முனை முறையா ஸ்ப்ளைஸ் செஞ்ச கயிறு. ஒப்பந்ததாரர் செலவு.
ரெண்டு: ஐடிஐகள்ல ஸ்ப்ளைஸ் செய்யவும் சோதிக்கவும் கத்துக் கொடுங்க. பூவும் கூடையும் பின்னுற கைகளுக்கு இது வராதா?
மூணு: மரத்துல இருந்து விழுந்தவங்களைத் தனியா கணக்கெடுங்க. சாலை விபத்தை விதின்னு விடாததாலதான் 2021 டிசம்பர்ல இன்னுயிர் காப்போம் திட்டம் வந்துச்சு.

15/
அதுவரைக்கும் இதை மட்டும் மறக்காதீங்க. விழுந்தவரைக் கையைக் காலைப் பிடிச்சுத் தூக்காதீங்க, உட்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. 108க்குக் கூப்பிடுங்க. கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டுல இருக்க, பலகை மாதிரி சேர்த்துத் திருப்பணும். முறியாத தண்டுவடம் தூக்குற விதத்துலயே முறியலாம்.

16/
ஒரு வளையம். ஒரு கயிறு. ஏலத் தொகையோட ஒப்பிட்டா சில்லறைக் காசு. அந்தச் சில்லறையை மிச்சம் பிடிச்சிட்டு "விதி"ன்னு பேர் வைக்காதீங்க. உங்க ஊர்ல அடுத்த புளி ஏலம் நடக்கும்போது ஒருத்தராவது எழுந்து கேளுங்க: "கயிறு எங்கே?"