வைத்தியரிடம் வாய்ப்பூட்டு ஏன்?

வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே என்பது நம் ஊர் வழக்கு. கட்சிக்காரன் எம்மிடம் சொன்னதை, சில விலக்குகள் ஒழிய, 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காக்கிறது. நோயாளி வைத்தியரிடம் சொன்னதற்கு அச்சட்டத்தில் அத்தகைய காப்பு எங்கே?

தன்பாலினத்தாரை நாடும் நம் பிள்ளைகள் வைத்தியர்முன் ஊமையாவதற்குக் காரணம் வெட்கம் மட்டுமன்று. 1883இல் வெள்ளையர் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவு இரண்டாண்டுவரை சிறை என்று மிரட்டுகிறது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. இதனை நம் பண்பாட்டின் கவசம் என்போரும் உளர். அந்தோ! விக்டோரியா காலத்துச் சரக்கு நம் பண்பாடாகியது எப்போது? இங்கிலாந்தே 1967இல் தன் தடையைத் தளர்த்தத் தொடங்கிற்று. இக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதம் நம் உயர் நீதிமன்றமே உரைத்தது. ஆயினும் அந்தப் பாராளுமன்றம் அதை நிறைவேற்றாமலே கலைந்தது.

புகையிலைக் கன்று வாடினால் விவசாயப் போதனாசிரியரிடம் எந்தத் தோட்டக்காரன் மறைக்கிறான்? தண்ணீர், பசளை, தெளித்த மருந்து அனைத்தையும் சொல்கிறான். உடம்புக்கும் அதுவே நியாயம். தொண்டையிலும் மலவாயிலும் கொனோரியா அறிகுறியின்றித் தங்கும். சிறுநீரை மட்டும் சோதித்தால் அது தப்பிவிடும். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று அஞ்சுபவர் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பெண்ணை நாடும் பெண்ணுக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை அவசியம். உண்மை தெரியாத வைத்தியர் இவற்றுள் எதை நினைவூட்டுவார்?

வைத்தியர்களையும் நாம் விடுவதற்கில்லை. “கலியாணம் முடித்தவரா?” என்ற ஒரே கேள்வியோடு பலர் விசாரணையை முடித்துவிடுகின்றனர். சிலர் உபதேசம் வேறு செய்கின்றனர்! இந்நாட்டம் நோயன்று என உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே முடிவு செய்தது. திரையை மூடி, உறவினரை வெளியே இருத்தி, உறவு ஆணோடா பெண்ணோடா இருவரோடுமா என்று முகஞ்சுளிக்காமல் கேட்பது அத்துணை கடினமா?

நோயாளிகளுக்கும் ஒன்று சொல்வோம். அப்பிரிவு செயலைத் தண்டிக்கிறதேயன்றி நாட்டத்தையன்று. தம் நாட்டம் இன்னதென்று வைத்தியரிடம் கூறுவது எந்தப் பிரிவின்கீழும் குற்றமாகாது. உங்கள் கோவையில் எதை எழுதுகிறார், யார் பார்ப்பார் என்று முதலில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

365அ பிரிவு நீங்க வேண்டும். 126ஆம் பிரிவின் காப்பு வைத்தியர் அறைக்கும் நீள வேண்டும். அடுத்த தேர்தலில் நம் படலைக்கு வரும் வேட்பாளர் எவராயினும், இவ்விரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு வாக்கைக் கேட்கட்டும்.