மெஷினுக்கு லோன் போடறதுக்கு முன்னாடி 100 மணி நேரம் போடுங்க

"அண்ணா, ஸ்டெனோ மெஷின் வாங்க நாலு லட்சம் பர்சனல் லோன் போடலாமா?"

ஐடி சப்போர்ட்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி போன மாசம் கேட்டார். மூணு வருஷம், 14 சதவீத வட்டி. கணக்கு போட்டுப் பார்த்தேன். மாசம் சுமார் 13,670 ரூபாய் இஎம்ஐ, வட்டி மட்டுமே 92,000. அவர் கைக்கு வர்ற சம்பளம் 38,000.

வேண்டாம்னு சொன்னேன். லோனைத்தான் வேண்டாம்னேன், ஸ்டெனோவை இல்ல.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊர்ல ஸ்டெனோன்னா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல பென்சில் பிடிச்சு எழுதுற சுருக்கெழுத்து. எஸ்எஸ்சி ஸ்டெனோகிராஃபர் தேர்வுல 10 நிமிஷ டிக்டேஷன்: கிரேடு சி-க்கு நிமிஷத்துக்கு 100 வார்த்தை, கிரேடு டி-க்கு 80. அரசு வேலைதான் குறின்னா அந்த வழியிலேயே போங்க, செலவும் கம்மி. தம்பி கேட்டது அமெரிக்க நீதிமன்றங்கள்லயும் லைவ் கேப்ஷனிங்லயும் பயன்படுற மெஷின். அதுல 22 கீதான். பியானோ வாசிக்கிற மாதிரி பல கீயை ஒரே நேரத்துல அழுத்தணும். இடது கைல வார்த்தையோட தொடக்க ஒலி, கட்டைவிரல்ல உயிரொலி, வலது கைல முடியிற ஒலி. பூனைக்கான இங்கிலீஷ் வார்த்தைக்கு மூணு கீ, ஆனா ஒரே அழுத்து.

வேகம் எவ்வளவு வேணும்? அமெரிக்காவோட நேஷனல் கோர்ட் ரிப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் தர்ற ஆர்பிஆர் சான்றிதழுக்கு மூணு டெஸ்ட். நிமிஷத்துக்கு 180, 200, 225 வார்த்தை. ஒவ்வொண்ணும் 5 நிமிஷம், 95 சதவீதம் சரியா இருக்கணும். 225-ன்னா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட நாலு வார்த்தை. இந்த வேகத்தை எந்த மெஷினும் டப்பால வச்சுக் கொடுக்காது.

நானும் எட்டு மாசமா பழகறேன், நம்ம வீடியோக்களுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் போடறதுக்காக. உண்மையைச் சொல்லிடறேன்: இன்னும் 60-ஐத் தாண்டல. சாதாரண கீபோர்டுல 70 அடிப்பேன். அதாவது எட்டு மாசம் உழைச்சு முன்னை விட மெதுவா ஆகியிருக்கேன்! வீட்ல சிரிக்கிறாங்க.

இதுல முதல் மூணு மாசத்தை நான் வீணாக்கினேன். தினமும் 40 வார்த்தை வேகத்துல ஒரே ஆடியோவைத் திரும்பத் திரும்ப எழுதினேன். தப்பே வரல, சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, வேகம் ஏறல, அந்த ஆடியோ மனப்பாடம் ஆயிருக்கு. புது ஆடியோ போட்டா விரல் தடுமாறுது.

இப்போ செய்றது வேற. ஒரு நிமிஷ ஆடியோ ஒண்ணு எடுத்துக்குவேன். என் வேகத்தை விட 10, 15 வார்த்தை கூட வச்சு ரெண்டு மூணு தடவை அடிப்பேன். குப்பையாத்தான் வரும், வரட்டும். அப்புறம் பழைய வேகத்துக்கு இறங்கினா, பேசறவர் திடீர்னு நிதானமாப் பேசற மாதிரி இருக்கும். அந்த நேரத்துல சுத்தமா எழுதணும். அதுக்கப்புறம் இருக்கிறதுதான் போரடிக்கிற வேலை, ஆனா பலன் முழுக்க அங்கதான்: எழுதினதை வாசிச்சு, கை எந்த வார்த்தைல நின்னுச்சுன்னு குறிச்சு வைக்கிறது. 180 வேகத்துல ஒரு வார்த்தைக்காக ஒரு செகண்ட் யோசிச்சா அடுத்த மூணு வார்த்தை போச்சு. அதனால தப்பா அடிக்கிறதை விட தயங்குறதுதான் பெரிய நஷ்டம். தயங்கின வார்த்தைகளை மட்டும் தனியா இருபது முப்பது தடவை அடிங்க. மறுநாள் ஆடியோவை மாத்துங்க.

இதை எஸ்ஐபி-யோட ஒப்பிடத்தான் வாய் துடிக்குது. ஆனா அது பொய்யாயிடும். எஸ்ஐபி-ல மாசம் 5-ஆம் தேதி பணம் தானா போயிடும், நீங்க தூங்கலாம். இங்க ஆட்டோ டெபிட் கிடையாது. வேகமும் சீரா ஏறாது. வாரக்கணக்குல ஒரே நம்பர்ல நிக்கும். அந்த நேரத்துல 13,670 ரூபாய் இஎம்ஐயும் ஓடிட்டு இருந்தா, பயிற்சி பண்ற மனசே இருக்காது. மெஷினைப் பார்த்தாலே கடன் ஞாபகம்தான் வரும்.

சரி, லோன் இல்லாம எப்படி? ப்ளோவர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, முழுக்க இலவசம். ஓபன் ஸ்டெனோ ப்ராஜெக்ட்டோடது. உங்க கம்ப்யூட்டர் கீபோர்டையே ஸ்டெனோ மெஷினா மாத்திடும். ஒரு சிக்கல்: சாதாரண கீபோர்டு பல, ஒரே நேரத்துல நிறைய கீ அழுத்தினா எல்லாத்தையும் பதிவு பண்ணாது. என்-கீ ரோல்ஓவர் இருக்கிற கேமிங் கீபோர்டு வாங்குங்க. அந்தச் செலவு நியாயமானது, ஸ்டெனோவை விட்டுட்டாலும் கீபோர்டு உபயோகப்படும்.

அதுல 100 மணி நேரம் போடுங்க. ஆபீஸ் முடிஞ்சு தினமும் 45 நிமிஷம்னா நாலரை மாசம். அதுக்கப்புறமும் உட்காரத் தோணுச்சுன்னா மெஷினைப் பத்திப் பேசலாம், அதுவும் சேமிச்ச பணத்துல. அதுக்குள்ள இன்னொண்ணையும் விசாரிச்சுடுங்க: அமெரிக்க நீதிமன்ற வேலைக்கு கலிஃபோர்னியா, டெக்சாஸ் மாதிரி மாநிலங்கள்ல தனி லைசென்ஸ் வேணும். இங்க உட்கார்ந்துட்டு உங்களால எந்த வேலையை எடுக்க முடியும்னு தெரியாம, அதுலருந்து வரப்போற டாலரை இஎம்ஐ கணக்குல சேர்க்காதீங்க.

தம்பி இப்போ கீபோர்டு மட்டும் வாங்கியிருக்கார். நேத்து மெசேஜ் வந்துச்சு: "அண்ணா, 18 மணி நேரம் ஆச்சு. வேகம் 12 வார்த்தை."