முடத்தெங்கிற்கு முடிசூட்டலாமா?

கற்றலின் கணக்கைத் தமிழ் இலக்கணம் நான்கு கூறாகப் பகுத்து வைத்துள்ளது. ஆசிரியன் உரைத்ததை எத்துணைக் கருத்தாகக் கேட்பினும் மாணவன் அடைவது கால் கூறே. உடன்பயில்வாரொடு உசாவி அடைவது மற்றொரு கால் கூறு. எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே வந்து சேரும். பவணந்தியாரின் நன்னூற் பொதுப்பாயிரம் கூறும் செய்தி இஃது. இதன்படி, கற்பித்தல் என்பது கற்று முடித்தவன் போனாற் போகிறதென்று செய்யும் கொடையன்று. அது கற்றலின் செம்பாதி. கற்பியாதவன் எத்துணை ஆய்ந்தானாயினும் அரைக்கல்வியனே.

ஆய்வும் கற்பிப்பும் ஒன்று என்னும் இவ் வுண்மையை அறிந்த இனத்தின் நாட்டில், இன்று ஆய்வையும் கற்பித்தலையும் இணைத்துக் காட்டிய பேராசிரியர்க்கு விருது வழங்கும் வழக்கம் பல்கலைக்கழகங்களிற் பரவி வருகின்றது. விருது வழங்கட்டும்; வரவேற்கத் தக்கதே. ஆயினும், கண்ணும் பார்வையும் சேர்ந்திருப்பதற்கு ஒருவர்க்குப் பரிசில் தருவரேல், ஊரிற் குருடு மிகுந்துவிட்டது என்பதன்றோ பொருள்? இணைந்தே இருக்க வேண்டிய இரண்டைப் பிரித்தவர் யார்? பிரித்ததனால் இழந்தவர் யார்? இவ் வினாக்களுக்கு விடை காணாமல் மாலை சூட்டி மகிழ்வதிற் பயனில்லை.

பிரிவினை நெடுநாளையது. ஆய்வாளர்க்கெனச் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு 1958-இல் முதன்முறை வழங்கப்பெற்றது. நடுவணரசின் நல்லாசிரியர் விருதும் அதே 1958-இல் தோன்றியதே. ஒன்று ஆய்வுக்கூடத்திற்கு, மற்றொன்று பள்ளி வகுப்பறைக்கு. இரண்டிற்கும் இடையே கல்லூரி ஆசிரியர் என்றொருவர் உள்ளார், அவர் இரண்டையும் செய்கின்றார் என்பது அந் நல்லாசிரியர் விருதின் கண்ணிற் பட 2023 ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று. அவ் வாண்டில்தான் உயர்கல்வி ஆசிரியரும் அவ் விருதிற்குரியராயினர். 65 ஆண்டு கழிந்து பிறந்த எண்ணம் அது!

இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? 2010-இல் பல்கலைக்கழக நல்கைக் குழு, ஆசிரியரின் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையொன்றை வகுத்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்கிற்கு இத்தனை என்று எண்ணிக்கை போட்டது. விளைவு? படிப்பாரற்ற இதழ்கள் மழைக்காளானெனப் பெருகின. பணம் கட்டிக் கட்டுரை அச்சிடும் இழிநிலை வந்தது. 2018-இல் கல்லூரி ஆசிரியர்க்கு அம் முறை தளர்த்தப்பெற்றதே அதன் தோல்விக்குச் சான்று. ஒரு மாணவனின் ஐயத்தைத் தீர்க்க ஆசிரியர் ஓர் இரவு முழுதும் நூல்களைப் புரட்டியிருப்பின், அவ் விரவுக்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் இல்லை. எண்ணத் தக்கவற்றையே எண்ணத் தக்கவை என்று கொண்டதால் வந்த கேடு இது.

மேலை நாட்டார்க்கும் இச் சிக்கல் புதிதன்று. 1810-இல் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகம், ஆய்வும் கற்பித்தலும் ஒன்றே என்னும் அம்போல்ட்டின் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. பின்னர் அங்கும் கொள்கை தேய்ந்தது. 1990-இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னசுட்டு பாயர், புதிது காண்டல், கண்டதை இணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் என்னும் நான்குமே புலமை எனக் கொள்ளப்பட வேண்டும் என்று எழுதினார். அவர் பெயரைக் கூறினால் இங்குள்ள துணைவேந்தர்கள் தலையசைப்பர். பவணந்தியாரின் பெயரைக் கூறினால் 'அது தமிழ்ப் பாடம்' என்பர்!

தமிழாசிரியர்க்கோ இவ் விணைப்பு விருதுக்காகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருந்ததில்லை. உ.வே. சாமிநாதையர் குடந்தைக் கல்லூரியில் நாள்தோறும் பாடஞ் சொல்லிக் கொண்டே ஏட்டுச்சுவடிகளை ஒப்பு நோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். மொழிஞாயிறு பாவாணர் 'ஒப்பியன் மொழிநூலை' 1940-இல் வெளியிட்டபோது பள்ளியாசிரியர். பின்னர்ச் சேலம் நகராட்சிக் கல்லூரியில் அவரிடம் பயின்றவருள் ஒருவரே பாவலரேறு பெருஞ்சித்திரனார். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்த்தப்பெறும் வரை, பாவாணரின் ஆய்வுக்கூடம் பெரும்பாலும் கரும்பலகையும் வறுமையுமே. அவர் ஆய்வு அச்சுத்தாளில் மட்டும் நிற்கவில்லை. மாணவரின் நாவிலும் நெஞ்சிலும் ஏறி ஓர் இயக்கத்திற்கே உரமாயிற்று. ஆய்வு கற்பித்தலோடு கலந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிரிவினையின் இழப்பு எத்தகையது என்பதை அறியப் பெரிய நகர்களைத் தேட வேண்டா. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் தொடர்வண்டியில் ஏறி மீஞ்சூரில் இறங்கினாற் போதும்.

கொற்றலையாறும் ஆரணியாறும் கொணர்ந்து குவித்த மணற்படுகையின்மேல் அமைந்த ஊர் அது. அப் படுகையின் அடியில் நன்னீர் நிறைந்திருந்தது. 1966 முதல் 1969 வரை ஒன்றிய நாடுகள் அமைப்பின் துணையுடன் அங்கு ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. அந் நீர் சென்னை மாநகர்க்கும் மணலித் தொழிலகங்களுக்கும் சென்றது. மேலே உழவரும் இறைத்தனர். பெய்த மழையினும் எடுத்த நீர் மிகவே, கடல் உள்ளே புகுந்தது. 1960-களின் இறுதியில் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உவர்நீர், 1980-களின் இறுதியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வரை ஊர்ந்து வந்துவிட்டது. இளநீர் போன்ற நீர் ஊறிய கிணறுகள் உப்புக் கிணறுகளாயின.

இதன் அடிப்படை எளியது. நன்னீர் உவர்நீரினும் நொய்யது. ஆதலின் கடலோர நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்பின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்திற்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து கடல் நாற்பதடி எழும்பும். நூறாண்டுக்கு முன்பே ஒல்லாந்தினர் ஒருவரும் செருமானியர் ஒருவரும் தனித்தனியே கண்ட கணக்கு இது. ஒரு கண்ணாடித் தொட்டியில் மணல் நிரப்பி, ஒருபுறம் நன்னீரும் மறுபுறம் வண்ணங் கலந்த உப்புநீரும் ஊற்றி, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைக் கண்ணெதிரே காட்டிவிடலாம். ஓரடிக்கு நாற்பதடி என்னும் ஒரே கணக்கை ஊர் முழுதும் அறிந்திருக்குமாயின், ஆழ்துளைப் பொறியை ஓட்டுமுன் ஒவ்வோர் உழவனின் கையும் தயங்கியிருக்கும். தொழிலகத்திற்கு நீரை அள்ளிக் கொடுக்குமுன் ஊர்மன்றம் வினா எழுப்பியிருக்கும்.

மீஞ்சூரின் நிலத்தடியைப் பற்றி ஆய்வுக்குக் குறைவே இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல்கலைக்கழகத்தாரும் அரசுத் துறையினரும் வந்து கிணறுதோறும் நீர் முகந்து, உப்பை அளந்து, வரைபடம் தீட்டியுள்ளனர். நீரியல் கற்பார்க்கு உலகெங்கும் மீஞ்சூர் என்னும் பெயர் தெரியும். அவர்தம் உழைப்பைக் குறைகூறுதல் அறமாகாது. அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறையார் அளந்ததோடு அமையாது, பொன்னேரி வட்டத்து ஆண்டார்மடத்தில் மழைநீரைத் தேக்கி நிலத்துட் செலுத்தும் குட்டையை அமைத்து ஆய்ந்தமை பாராட்டிற்குரியது. அறிவு, தான் பிறந்த மண்ணுக்கே திரும்பிய நிகழ்ச்சி அது. ஆனால் அஃது ஒரு குட்டை; ஆய்வேடுகளோ ஓர் ஏரி. அவ் வேடுகளுள் மிகப்பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, விலை கொடுத்து வாங்க வேண்டிய அயல்நாட்டு இதழ்களில் அடைபட்டுக் கிடக்கின்றன. நீரை முகந்து கொடுத்த வீட்டுக்காரப் பெண்ணுக்கு, தன் கிணற்றில் உப்பு எவ்வளவு, ஏன் வந்தது, எப்போது போகும் என்று தமிழில் எழுதிய ஒரு தாள் கிடைத்ததா?

நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை காட்டினார். ஆகா ஆசிரியனுக்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவன் கொல்லையில் வேரூன்றி, அவன் வார்த்த நீரையுண்டு வளர்ந்து, வளைந்து சாய்ந்து, அயலான் கொல்லையிற் காயை உதிர்க்கும் தென்னை அது. மீஞ்சூரின் நீரில் வேரூன்றித் தமிழர் வரிப்பணத்தில் வளர்ந்த ஆய்வு, தன் காயை எந்தக் கொல்லையில் உதிர்க்கின்றது? வளைந்த மரத்தை நிமிர்த்தாமல் அதன் தலையில் விருதைச் சூட்டுவது, 'நன்றாகவே வளைந்தாய்' என்று முதுகில் தட்டிக் கொடுப்பதாகாதா?

'அறிவியல் உலகப் பொது. ஆங்கிலத்தில் எழுதினால்தானே உலகம் அறியும்?' என்று சிலர் கேட்பர். உலகம் அறியட்டும், அதனை எவரும் தடுக்கவில்லை. தென்னை அயலானுக்கும் காய் தரட்டும்; நீர் வார்த்தவனுக்கு ஒரு காயேனும் வேண்டாவா என்பதே வினா. 'தமிழிற் சொற்கள் இல்லை' என்பர் வேறு சிலர். உவர், உவரி, ஊற்று, ஊறல், கேணி, மதகு, மடை, கலங்கல், குமிழி என்று நீரின் ஒவ்வோர் அசைவிற்கும் பெயரிட்ட மொழியில் நீரியலுக்குச் சொல் இல்லையாம்! சொல் இல்லாமை மொழியின் குறையன்று. ஊராரிடம் பேசாதவரின் குறை. கற்பிக்கும் கட்டாயம் வந்தால் சொல் தானே வரும்.

மாணவர்பால் வரும் இழப்பும் சிறிதன்று. ஆய்வில் ஈடுபடும் பேராசிரியர் வகுப்பிற்கு வருவதைச் சுமையென எண்ணின், மாணவன் முப்பதாண்டுப் பழைய குறிப்பையே படியெடுப்பான். கற்பிக்கும் ஆசிரியர் ஆய்வை மறந்தால், அவனுக்குக் கிடைப்பது நேற்றைய உண்மை மட்டுமே. ஆய்வாளர் தாம் தடுமாறிய இடத்தையும் பிழைபட்ட அளவையும் மறைக்காமல் வகுப்பில் எடுத்துக் காட்டுவாராயின், உண்மை எவ்வாறு பிறக்கின்றது என்பதை மாணவன் கண்ணாற் காண்பான். அத்தகைய மாணவன் நாளை எவர் சொல்லையும் ஆராயாமல் ஏற்க மாட்டான். எந்த அறிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டான். ஓர் இனம் அடிமைப்படாதிருக்க இதனினும் வலிய அரண் இல்லை.

எனவே, ஆய்வையும் கற்பித்தலையும் இணைத்தார் என்று விருது வழங்கும் பல்கலைக்கழகங்கள், கட்டுரைத் தொகையை எண்ணுமுன் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். உங்கள் ஆய்வினால் உங்கள் பாடத்தில் எந்தப் பகுதி மாறியது? உங்கள் மாணவர் கையெடுபிடியாக மட்டும் இருந்தனரா, தாமே வினா எழுப்பி விடை கண்டனரா? எந்த ஊரின் மண்ணையும் நீரையும் வாழ்வையும் ஆய்ந்தீர்களோ, அவ்வூர் மக்களுக்கு அவர்தம் மொழியில் என்ன திருப்பித் தந்தீர்கள்? மூன்றாம் வினாவிற்கு விடையில்லாதவர்க்கு வேறு விருதுகள் ஆயிரம் இருக்கட்டும். இவ் விருது வேண்டா. ஆய்வேடு ஒவ்வொன்றும், பள்ளிப் பிள்ளையும் படித்தறியும்படி பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கத்தோடு வெளிவர வேண்டும் என்று அரசு ஒரு விதி செய்யட்டும். அச் சுருக்கம் அவ்வூர்ப் பள்ளிக்கும் ஊராட்சிக்கும் சென்று சேரட்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு விருதுவிழாப் பந்தற் செலவினும் மிகாது.

மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை தொடங்கப்பெற்றது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீரை வடித்துச் சென்னை மாநகர்க்கு வழங்கும் ஆற்றலுடையது அது. நிலத்தடி நன்னீரை இறைத்துக் கடலை உள்ளே அழைத்தவர், பின்னர்க் கடலையே பிழிந்து நன்னீர் எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தனர். அறிவு உரிய காலத்தில் உரியவர்க்குக் கற்பிக்கப்படாமையின் விலை இதுதான். அதனை மின்கட்டணமாகவும் வரியாகவும் செலுத்துபவர் மக்களே.

மீஞ்சூர்ப் பள்ளிப் பிள்ளையொருவன் தன் வீட்டுக் கிணற்று நீரைச் சுவைத்து, 'இஃது ஏன் கரிக்கின்றது?' என்று கேட்பானாயின், அவ் வினாவினும் சிறந்த ஆய்வுத் தலைப்பு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அவனுக்கு விளங்கும் தமிழில் விடை கூறி, அவன் கையில் ஓர் அளவுகருவியைக் கொடுத்து, 'இனி நீயே அளந்து பார்' என்று எந்த ஆசிரியர் கூறுகின்றாரோ, அவரே ஆய்வையும் கற்பித்தலையும் இணைத்தவர். அவர்க்கு விருது வழங்கின் விருதுக்கே பெருமை. வளைந்த தென்னைகளை நிமிர்த்தும் வேலையைத் தமிழகப் பல்கலைக்கழகங்கள் இன்றே தொடங்குவனவாக!