கூச்சப்படாமல் கேளுங்கள்: ஸ்கேனில் மூன்றாவது விரை... கல்யாணம் செய்துகொள்ளலாமா?

"எனக்கு வயது 26. தை மாதம் திருமணம். கல்லூரியில் படிக்கும்போதே விரைப்பையின் இடது பக்கத்தில் சின்னதாக ஓர் உருண்டை கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தனியாகப் போய் ஸ்கேன் எடுத்தேன். கட்டி இல்லை, மூன்றாவது விரை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. விஷயம் தெரிந்த ஒரே நண்பன், 'உனக்கென்னடா, டபுள் பவர்' என்று சிரிக்கிறான். எனக்கோ தூக்கமே போய்விட்டது. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா? குழந்தை பிறக்குமா? பெண்ணிடம் சொல்ல வேண்டுமா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

தம்பி, நீங்கள் ஸ்கேன் எடுத்தவரை நல்லது. அந்த உருண்டையை இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்ததுதான் தவறு. விரைப்பையில் கைக்குத் தட்டுப்படும் உருண்டை நீர்க்கட்டியாக இருக்கலாம், குடலிறக்கமாக இருக்கலாம், புற்றுநோய்க் கட்டியாகவும் இருக்கலாம். விரைப் புற்றுநோய் உங்கள் வயதுக்காரர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. 'வலியில்லையே' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதை மருத்துவத்தில் பாலிஆர்கிடிசம் என்கிறோம். மிக அபூர்வம். உலகம் முழுக்க மருத்துவ இதழ்களில் பதிவானவர்களே சில நூறு பேர்தான். பலருக்கு மூன்று, அதிலும் இடது பக்கத்தில்தான் அதிகம். நான்கு இருந்தவர்களும் உண்டு. தாயின் வயிற்றில் கரு சில வாரங்களே ஆகியிருக்கும்போது, பின்னாளில் விரையாக மாறவேண்டிய திசு இரண்டாகப் பிரிந்துவிடுவதால் இப்படி ஆகிறது என்று கருதப்படுகிறது. அம்மா என்ன சாப்பிட்டார், கிரகணத்தில் வெளியே போனாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் செய்த எதனாலும் வந்ததுமில்லை.

நண்பரின் 'டபுள் பவர்' கற்பனை உலகத்துக்கே பழையது. இத்தாலியின் வெனிஸ் நகரச் சதுக்கம் ஒன்றில் குதிரைமேல் அமர்ந்த ஒரு தளபதியின் வெண்கலச் சிலை இருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பார்த்தொலொமியோ கொல்லியோனி. விரையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லோடு அவர் குடும்பப் பெயர் ஒலியில் ஒத்துப்போகும். குடும்பச் சின்னத்திலேயே விரை வடிவங்களைப் பொறித்திருந்தார்கள். அவருக்கு மூன்று இருந்ததாகக் கதையும் கட்டிவிட்டார்கள். உண்மையில், ஆண் ஹார்மோன் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கண்காணிக்கிறது. மொட்டைமாடித் தொட்டிக்கு இரண்டு மோட்டார் ஓடினாலும் மூன்று ஓடினாலும், நிரம்பியதும் நிறுத்திவிடுவோம் இல்லையா? அதே கதைதான். பவர் கூடாது, குறையவும் குறையாது.

குழந்தைப்பேறுக்கு வழக்கமான இரண்டு விரைகளும் நன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். மூன்றாவது இருக்கிறது என்பதற்காக மட்டும் குழந்தை பிறக்காமல் போகாது. சந்தேகம் வேண்டாமென்றால் ஒரு விந்தணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரைநாள் வேலை.

ஆபரேஷன் பற்றி அவசரப்படாதீர்கள். 'கூடுதலாக இருக்கிறதா, எடுத்துவிடு' என்று சொன்ன காலம் உண்டு. இப்போது, அது விரைப்பைக்குள்ளேயே இருந்து, ஸ்கேனில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லையென்றால், அப்படியே விட்டுக் கண்காணிக்கிறோம். பல நேரம் அது பக்கத்து விரையோடு விந்துக்குழாயைப் பகிர்ந்துகொண்டிருக்கும். எடுக்கப்போய் நல்ல விரைக்குச் சேதம் வந்தால் யாருக்கு நஷ்டம்? வயிற்றுக்குள்ளோ தொடையிடுக்கிலோ தங்கிவிட்ட விரை என்றால் கதை வேறு. அங்கே புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதால் எடுப்பது பற்றி யோசிப்போம். உங்கள் ரிப்போர்ட்டோடு ஒரு யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள். தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். பிறகு அவர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன். மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்தபின் நீங்களே விரல்களால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். புதிதாகக் கல்போல எதுவும் தட்டுப்பட்டால் அந்த வாரமே வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் மகன்களைப் பெற்ற அம்மாக்களும் கவனிக்க வேண்டும். விரை தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது யாருக்கும் நடக்கலாம். கூடுதல் விரை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். திடீரென்று உயிர்போகிற வலி, குமட்டல், வாந்தி. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். ஆனால், பையன்கள் வெட்கப்பட்டு 'வயிறு வலிக்குது' என்பார்கள். நாமும் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்போம். விடிந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது விரை கறுத்துப்போயிருக்கும். என் அனுபவத்தில் இப்படி விரையை இழந்த பையன்கள் ஒருவர் இருவர் அல்லர். வயிற்றுவலி என்று துடிக்கும் பையனிடம் 'கீழேயும் வலிக்குதாப்பா?' என்று நேராகக் கேளுங்கள்.

பெண்ணிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டமோ மருத்துவமோ உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனால், சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பெரியவர்களைக் கூட்டிவைத்து அல்ல, அவரிடம் மட்டும். யூராலஜிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, 'இப்படி இருக்கிறது, டாக்டரும் பார்த்துவிட்டார், பயமில்லை' என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். கல்யாணத்துக்குப் பிறகு அவராகக் கண்டுபிடித்துக் கேட்டால், இதே விஷயம் மறைக்கப்பட்ட விஷயமாகிவிடும்.

இன்னொன்று, இப்போதைக்குத் தேவைப்படாது. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வையுங்கள். குழந்தைகள் பிறந்தபிறகு நீங்களே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள முன்வந்தால், அதை முதலிலேயே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூன்றாவது விரைக்குத் தனிக்குழாய் இருந்து அதைக் கட்டாமல் விட்டால், ஆபரேஷனுக்குப் பிறகும் மனைவி கர்ப்பமாகலாம். குடும்பக் கட்டுப்பாடு பலிக்காமல் போனதால்தான் மூன்றாவது இருப்பதே தெரியவந்தவர்களும் உண்டு.