புகைக் கணக்கு

“கடையில் வாங்கினால் கொள்ளை விலை, வீட்டிலேயே செய்துவிட்டால் பாதிச் செலவோடு போயிற்று” என்று சொல்லாத குடும்பஸ்தர் எந்தத் தேசத்திலும் இருக்க மாட்டார். தீபாவளிப் பட்சணத்தைப் பற்றி நாம் இவ்வாறு சொல்லுகிறோம். அமெரிக்கர்கள் நவம்பர் மாதத்தில் வான்கோழியைப் பற்றிச் சொல்லுகிறார்கள். இந்த வாரம் அவர்களுடைய கணக்கைச் சற்றுப் பரிசோதிப்போம். சைவ நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கோழியை நான் யாருடைய இலையிலும் பரிமாறப் போவதில்லை. அதன் கணக்கை மாத்திரமே பரிமாறப் போகிறேன்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, நன்றி தெரிவிக்கும் பண்டிகை. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1863ஆம் ஆண்டில் ஜனாதிபதி லிங்கன் இதைத் தேசத்துக்குப் பொதுவான திருநாளாகப் பிரகடனம் செய்தார். எந்த வியாழன் என்பது 1941ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று. தூரதேசத்திலிருக்கும் பிள்ளைகளும் பெண்களும் அன்று தாய் வீட்டுக்கு வந்து சேருவார்கள். விருந்தின் நடுநாயகம் வான்கோழி. பெரும்பாலோர் அதை வீட்டு அடுப்பில் வாட்டுகிறார்கள். சிலருக்கோ அது போதாது. கொல்லைப்புறத்தில் புகை அடுப்பை வைத்து, ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி முதலிய மரங்களின் புகையிலே நாளெல்லாம் அதை வேகவைத்தால்தான் அவர்களுக்குப் பண்டிகை.

பூர்வகாலத்தில் இறைச்சி கெடாமலிருக்கவே புகையூட்டினார்கள். குளிர்ப்பெட்டி வீடுதோறும் வந்த பிறகு அந்த அவசியம் போய்விட்டது. ருசி மாத்திரம் நின்றது. ஆகவே இதை ருசிக்காகச் செய்யும் செலவு என்றே எழுதிக்கொள்ள வேண்டும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ருசி எவ்வளவுக்கு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முறையைக் கேளுங்கள். பறவை 12 ராத்தலுக்கு மேற்படாமலிருப்பது நல்லது. பாரன்ஹீட் 40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் விரைவாகப் பெருகும். பெரிய பறவை அந்த எல்லையைத் தாண்ட வெகுநேரம் பிடிக்கும். உறைந்த பறவையாயிருந்தால் குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் வைத்து இளக்க வேண்டும். பிறகு ஓர் இரவு உப்பு நீரில் ஊறவேண்டும். அதன்பின் 225 முதல் 300 டிகிரி வரையுள்ள மந்தமான சூட்டில் வைக்க வேண்டும். சூட்டைக் குறைவாகவே வைத்திருந்தால் ராத்தலுக்கு அரைமணி வீதம், 12 ராத்தலுக்கு ஆறு மணி நேரம். அதுவரையில் அடுப்புக்கு ஒருவர் காவல்.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. புகையிலுள்ள வாயுக்கள் இறைச்சியோடு சேர்ந்து, நன்றாக வெந்த பிறகும் அதைச் சிவப்பாகவே காட்டும். மார்பிலும் தொடையிலும் உஷ்ணமானியைச் செருகி, உள்ளே 165 டிகிரி ஏறியிருக்கிறதா என்று பார்த்தே நிச்சயிக்க வேண்டும். ஆகையால் உஷ்ணமானி வாங்கும் பணத்தை ஆடம்பரச் செலவு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். அமெரிக்க விவசாயிகள் சம்மேளனம் ஒன்று 1986 முதல் ஆண்டுதோறும் இந்த விருந்துச் சாமான்களின் விலையை விசாரித்து வெளியிட்டு வருகிறது. 16 ராத்தல் வான்கோழியின் சராசரி விலை, பறவைகளுக்குக் கொள்ளைநோய் கண்ட 2022ஆம் ஆண்டில் 28 டாலர் 96 செண்டு. 2024ஆம் ஆண்டில் 25 டாலர் 67 செண்டு. பின்னதன்படி நமது 12 ராத்தல் பறவைக்கு ஏறத்தாழ 19 டாலர். மற்றவற்றை ஓர் உத்தேசமாகப் போடுகிறேன். அடுப்பு 200 டாலருக்கு வாங்கியது, பத்து வருஷம் உழைக்கும் என்றால், பண்டிகைக்கு மாத்திரம் மூட்டுகிற வீட்டில் ஒரு பறவையின் தலையில் 20 டாலர் விழும். மரத்தூளை இறுக்கிச் செய்த குளிகைகளாக அரை மூட்டை விறகு 10 டாலர். உப்பு, சர்க்கரை, மிளகு வகையறா 5 டாலர். ஆக மொத்தம் 54 டாலர். பறவையின் விலை 19 டாலர்தான் என்று நினைத்த குடும்பஸ்தர் இந்த இடத்தில் தலையைச் சொறிந்துகொள்வார்.

ஆனால் ஒரு பத்தி இன்னும் நிரப்பப்படவில்லை. ஆறு மணி நேரம் நெருப்பைக் காத்தவர் யார்? கழுவி, ஊறவைத்து, துடைத்து, பின்னர் புகைக்கரி படிந்த பாத்திரங்களைத் தேய்த்தவர் யார்? அதற்கு இரண்டு மணி நேரம் சேர்த்தால் எட்டு மணி. 2009ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 செண்டு. அந்த வீதத்திலேயே எட்டு மணிக்கு 58 டாலர் ஆகிறது. இதுவரையில் எழுதிய யாவற்றையும் விட வீட்டார் உழைப்பின் விலை அதிகம்! இரண்டையும் கூட்டினால் 112 டாலர்; அதில் கோழியின் விலை ஆறில் ஒரு பங்கு. “வீட்டிலே செய்தால் மலிவு” என்பதன் ரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா? வீட்டாருடைய உழைப்புக்குப் பூஜ்யம் போட்டால் எதுவும் மலிவுதான்.

பறவையின் 19 டாலரிலும் இதே சூட்சுமம் இருக்கிறது. பண்டிகை வாரத்தில் பல கடைக்காரர்கள் வான்கோழியை நஷ்டத்துக்குக்கூட விற்பார்கள்; அதை வாங்க வந்தவர் மற்றச் சாமான்களையும் அங்கேயே வாங்குவார் என்பது அவர்கள் கணக்கு. சந்தைக்கு வரும் பறவையோ, மார்புச் சதை பெருக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டது. உடல் பெருத்து, தானாக இணைசேரவும் இயலாத நிலைக்கு வந்துவிட்டபடியால், மனிதர் கையாலேயே அதற்குக் கருவூட்ட வேண்டியிருக்கிறது. விலைச்சீட்டில் இவையெல்லாம் எழுதியிருப்பதில்லை.

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா லண்டனில் கணக்குப் பரிசோதகராகப் பயின்றவர். அமெரிக்காவில் சிராக்யூஸ், கொலம்பியா சர்வகலாசாலைகளிலும் படித்தார். பிறகு காந்தியடிகளிடம் வந்து கிராமக் கைத்தொழில்களுக்கே வாழ்நாளை அர்ப்பணம் செய்தார். ஒரு பொருளின் சந்தை விலையே அதன் முழு மதிப்பு ஆகாது. அது எவ்விதம் உற்பத்தியாயிற்று என்பதில் வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்று அவர் ஓயாமல் வற்புறுத்தினார். கணக்கே தொழிலாயிருந்த மனிதர் இப்படிச் சொன்னது கவனிக்கத் தக்கது. கணக்குப் புஸ்தகத்தில் எந்தப் பத்தி வெறுமையாக விடப்படுகிறது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அப்படியானால் வீட்டில் ஒன்றுமே செய்யக் கூடாதா? அவ்விதம் நான் சொல்லவில்லை. அடுத்த வீட்டார் பறவையும் அதே அடுப்பில் ஏறலாம். நெருப்பும் காவலும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகும், ஆளுக்கு விழும் செலவு ஏறக்குறையப் பாதியாகும். மிஞ்சிய எலும்பைக் கொதிக்கவைத்தால் மறுநாள் ரசத்துக்கு ஆகும். புகையின் நடுவே தகப்பனும் மகனும் ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் அதை நஷ்டம் என்று எந்த மூடன் எழுதுவான்? விரும்பிச் செய்த உழைப்பு அதுவே ஒரு வரவு. ஒருவர் விரும்ப, மற்றொருவர் உழைத்தால்தான் அது செலவு.

ஆகையால் அடுத்த முறை “வீட்டிலே செய்தால் மலிவு” என்று சொல்ல வாயெடுக்கும்போது, கொல்லைப்புறத்துப் புகையடுப்பானாலும் சரி, நம் வீட்டு முறுக்கு வாணலியானாலும் சரி, அதனருகே நிற்பவர் யாரென்று ஒரு தரம் எட்டிப் பாருங்கள். அமெரிக்கர் அந்த நாளுக்கு நன்றி தெரிவிக்கும் பண்டிகை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நன்றியின் முதற் பங்கு அடுப்பண்டை நிற்பவருக்குச் சேரட்டும். அடுத்த வருஷம் அவரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் காவல் நின்றால், கணக்கு இன்னும் சரியாக இருக்கும்.