வெட்டினால் இரண்டாகுமா?

மடு அன்னையின் ஆவணித் திருவிழாவுக்காக ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த என் தங்கையின் மகன், மறுநாள் தலைமன்னார் வீதியில் போகையில் தன் வீட்டு மீன்தொட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். உப்புநீர்த் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள். அவை குடியிருக்க ஒரு கடலனிமனி. (தமிழகத்தார் கடற்சாமந்தி என்பர். பூவல்ல, விலங்கு.)

"நடுவாலே வெட்டினால் இரண்டாகும் எண்டு சொன்னாங்கள் மாமா. வாழைக்குட்டி பிரிக்கிற மாதிரித்தான்."

வெட்டினானாம். மூன்று நாளில் துண்டுகள் இரண்டும் அழுகி, நீர் கெட்டு, மீன்களும் மாண்டன.

அவன் கேள்விப்பட்டது முழுப்பொய் அன்று. பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகத்தில் டிக்மார் என்னும் பாதிரியார் 1770களிலேயே கடலனிமனிகளை வெட்டி, அவை மீள வளர்வதைக் கண்டு எழுதினார். பரிசக் கொம்புகளின் நுனி குமிழ்போல் உப்பிய ஓர் இனம் கடலிலேயே தானாக இரண்டாகப் பிளக்கும். அதைத்தான் தொட்டி வளர்ப்போர் கூரிய அலகினால், இரு பாதியிலும் வாயும் அடிப்பாதமும் பங்குபட வெட்டிப் பெருக்குகின்றனர். ஒஸ்ரேலியாவில் 2014இல் வெளியான ஆய்வொன்றில், நாலாக வெட்டியவற்றிலும் பார்க்க இரண்டாக வெட்டியவையே நன்கு பிழைத்தன. பேராசைக்கு அங்கேயும் இடமில்லை.

மருமகன் வெட்டியதோ கம்பளம்போல் மணலில் விரியும் வேறோர் இனம். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உள்ளதும் அவ்வகையே. அது தானாகப் பிளப்பது மிக அரிது. முட்டையும் விந்தும் நீரில் கலந்தே பெரும்பாலும் இனம் பெருகும். கடலனிமனி நெடுநாள் வாழும் பிராணி. ஸ்கொட்லாந்தில் 1828இல் பிடித்து ஒரு சாடியில் வளர்த்த கடலனிமனி ஒன்று 1887 வரை வாழ்ந்தது. 'பாட்டி' என்றே அதற்குப் பெயர். அப்படிப்பட்ட ஒன்றை ஐந்து நிமிடத்தில் பெயர்த்தெடுத்தால், அதை அண்டியிருந்த கோமாளி மீன் அன்றே பிற மீனுக்கு இரையாகலாம். போதாக்குறைக்கு 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளப் பாறைகள் வெளிறின. கடலனிமனிகளும் அவ்வாறே வெளிறுபவைதான்.

எதிர்க்கரையில், மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து ஆண்டுகள் பல ஆயின. மீனை வளர்க்கக் கற்றாயிற்று. அதன் வீட்டையோ உலகம் இன்னும் பெரும்பாலும் கடலில் இருந்தே பெயர்த்து வருகிறது. 2003இல் 'நீமோ' படம் வந்தபின் வீட்டுக்கு வீடு கோமாளி மீன் கேட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

எங்கள் கரைக்கு இந்தக் கதை புதிதன்று. மன்னாரின் முத்துப் பார்களை ஆய்வு செய்யப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வந்தார். 1906இல் இலண்டன் கம்பனி ஒன்று பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிப்பியும் இல்லை, கம்பனியும் இல்லை. குளித்தவர்களுக்கு மிஞ்சியது செவிட்டுக் காது.

ஆகவே வெட்டிப் பெருக்குவதை நான் எதிர்க்கவில்லை. பிளவுபடும் இனத்தை மட்டும் வெட்டுங்கள். அதையும் நீர் நிலைபெற்ற பழைய தொட்டியில் செய்யுங்கள். ஆனால் அந்த வித்தை ரொறன்ரோவின் நிலவறையோடு நின்றுவிடலாகாது. சங்கும் அட்டையும் எடுக்க மூழ்கும் எமது சுழியோடிகளுக்கும் அது கைவர வேண்டும். கடலட்டையை அடைத்து வளர்க்கப் பழகிய கரைக்கு இது எட்டாத தொழில் அன்று. அட்டைப் பண்ணைகளில் எழுந்த 'கடல் யாருக்குச் சொந்தம்' என்ற சச்சரவு, கரையிலே வைக்கும் தொட்டிக்கு வர நியாயமும் இல்லை.

மருமகன் திரும்பிப் போய் மீண்டும் ஒன்று வாங்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னான். தொட்டியில் பிறந்ததா, கடலில் எடுத்ததா என்று கடையில் கேட்டு வாங்கு என்றேன். கேட்டானாம்.

"சிலோன் எண்டு சொல்லுறாங்கள், மாமா."