ஆராய வேண்டியது பள்ளியை

நம் கல்வியியல் கல்லூரிகளில் எழுதப்படும் எம்.எட். ஆய்வேடுகளில் பாலினம் தலைகாட்டாத ஆய்வேடு அரிது. தேர்வுப் பதற்றமானாலும் கணித அடைவானாலும் கைப்பேசிப் பயன்பாடானாலும், பின்னணி மாறிகளின் வரிசையில் முதலில் நிற்பது பெரும்பாலும் ஆண், பெண் என்னும் மாறிதான். இன்மைக் கருதுகோள் எழுதப்படும், டி-சோதனை நடக்கும், பொருளுறு வேறுபாடு உண்டு அல்லது இல்லை என்று ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதில் பள்ளியின் பங்கு என்ன என்ற கேள்வி கடைசி இயலில்கூட எழுவதில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாக மாறியது; பாலினம், பள்ளி, சமூகம் பற்றித் தனித்தாளே பாடத்திட்டத்தில் வந்தது. இத்தனை காலம் அதைக் கற்பித்த பிறகும் ஆய்வேடுகளின் அட்டவணை மாறவில்லை என்பது வருத்தம் தருகிறது.

அட்டவணையைத் தாண்டிச் செல்லத் துணியும் இளம் ஆய்வாளர்களும் இப்போது வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு முதலில் தோன்றுவது, மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் அவர்களின் பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் கேட்கும் ஒரு வினாநிரல். அந்த அக்கறையை மதிக்கிறேன்; வினாநிரல் தவறான இடத்தில் நீட்டப்படுகிறது என்றே கருதுகிறேன். இத்துறையில் இன்று நாம் முதலில் ஆராய வேண்டியது பள்ளியின் நடைமுறைகளை; குழந்தையின் அடையாளத்தை அல்ல.

காரணங்களில் முதலாவது சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தை. அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பதினாறு வயது மாணவி தன் தோழியுடனான உறவைப் பற்றி நம்பி எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை ஆய்வாளர் என்ன செய்வார்? ‘தாங்கள் தரும் தகவல்கள் இரகசியமாக வைக்கப்படும்’ என்று நம் வினாநிரல்களின் தலைப்பில் பழக்கத்தால் அச்சிடும் வாக்குறுதி அங்கே உடைந்துவிடுகிறது. காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்துக் குழந்தையிடம் மிக அந்தரங்கமான ஒன்றைப் பெறுவது ஆய்வு அறமாகாது. பெற்றோர் ஒப்புதல் இதைவிடச் சிக்கல். இந்தத் தலைப்பிலான படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்துக் கேட்பதே சில பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, இருக்கும் சான்றுகளே பள்ளியை நோக்கித்தான் கைகாட்டுகின்றன. சென்னையின் சகோதரன் அமைப்போடு இணைந்து யுனெஸ்கோ சில ஆண்டுகளுக்கு முன் செய்த ஆய்வு, தமிழ்நாட்டின் பாலின, பாலியல் சிறுபான்மை இளையோரிடம் அவர்களின் பள்ளிக்காலத்தைப் பற்றிக் கேட்டது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானதாக ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கூறினர். துன்புறுத்தப்பட்டவர்களில் பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டவர்கள் ஏறத்தாழ 18 விழுக்காடுதான். இரண்டாவது எண்ணையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அது அந்தப் பிள்ளைகளின் இயல்பைப் பற்றிய எண் அல்ல. யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும், சொன்ன பிள்ளையையே ‘நீ ஒழுங்காக நட’ என்று திருத்துவார்களா என்பதைப் பற்றிய எண். அதற்கு விடை தலைமையாசிரியர் அறையில், உடற்கல்வி வேளையில், கழிப்பறை வாசலில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்து எழுதிய ஆய்வுகள் தமிழில் மிகக் குறைவு.

பார்த்து எழுதும் மரபு புதிதல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் பேரி தோர்ன், தொடக்கப்பள்ளிகளின் வகுப்பறைகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் நெடுங்காலம் இருந்து 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறுவரும் சிறுமியரும் பிரிந்து நிற்பது எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இல்லை. பெரியவர்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதம், போட்டி வைக்கும் விதம், வரிசையில் நிறுத்தும் விதம் ஆகியவற்றோடு அது கூடிக் குறைகிறது என்று காட்டினார். எந்தக் குழந்தையின் அடையாளத்தையும் அவர் அளக்க வேண்டியிருக்கவில்லை. நம்மிடம் இதற்கு வாய்ப்பு ஏராளம்: காலை வழிபாட்டுக் கூட்டத்தின் இரு வரிசைகள், முடிவெட்டி வரச் சொல்லி வாயிலில் நிறுத்தப்படும் பையன், ஆண்டு விழா நடனத்தில் யார் எந்த வேடம் என்ற முடிவு, குரல் மென்மையான மாணவனுக்கு வகுப்பில் வைக்கப்படும் பட்டப்பெயரும் அதைக் கேட்டும் ஆசிரியர் காக்கும் மௌனமும், மாற்றுச் சான்றிதழில் பெயரை மாற்றக் கேட்டு வருபவர் எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டும் என்பது. 2021 ஜூன் 7ஆம் நாள், தற்பாலின இணையர் தொடுத்த சுஷ்மா வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, பாலினப் பொதுக் கழிப்பறை, சான்றிதழில் பெயர், பாலின மாற்றம், விண்ணப்பங்களில் மூன்றாம் கட்டம், ஆலோசகர் நியமனம் ஆகியவற்றைக் கல்வி நிறுவனங்களுக்காகப் பட்டியலிட்டது. ஒரு மாவட்டத்தில் அவற்றில் எது நடைமுறைக்கு வந்தது என்று நேரில் பார்த்து எழுதுவதே நல்லதோர் ஆய்வேடு.

எண்ணிக்கை இல்லாமல் அரசு அசையாது என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எந்த எண்ணிக்கை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். அவர்களில் 54,854 பேர், அதாவது ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேல், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்தக் குழந்தைகள் எவரும் தம்மைப் பற்றி வாய்திறந்து சொன்னதில்லை. கணக்கெடுப்பாளரும் வீட்டாரும் எழுதியதே அது. பாலினத்தைத் தானே உணர்ந்து அறிவிக்கும் உரிமையை உச்சநீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பு நிலைநாட்டிய பிறகு, குழந்தைகளைப் பிறர் எண்ணிச் சொல்லும் கணக்கை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது. கழிப்பறைகளையும் புகார்களையும் எண்ணலாம்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பிள்ளைகளிடம் கேட்காமல் விட்டால் மீண்டும் பெரியவர்களே அவர்களுக்காகப் பேசுவதாகாதா? ஆகும், அடையாளத்தைக் கேட்காததோடு நாம் நின்றுவிட்டால். பள்ளியைப் பற்றி எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கலாம். பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, போக அஞ்சும் இடங்களைப் பெயரில்லாமல் குறிக்கச் சொன்னால், எவரும் தாம் யார் என்று சொல்லாமலேயே தெரிய வேண்டியது தெரிந்துவிடும். அப்போதும் ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொல்லக்கூடும். அதைத் தெரிவிக்கும் கடமை நமக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். அதை முன்கூட்டியே பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும். வளர்ந்தவர்களின் நினைவுகளுக்கோ ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ போன்ற நூல்கள் தமிழிலேயே இருக்கின்றன.

இப்பேச்சே பிஞ்சு மனங்களில் இல்லாததை விதைக்கும் என்போருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். திருநர் குழந்தைகளைப் பள்ளியில் உள்ளடக்குவது பற்றி தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் வெளியிட்ட ஆசிரியர் கையேடு, குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆட்சேபத்துக்குப் பின் 2021 நவம்பரில் சில நாட்களிலேயே இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. அந்த விவாதத்தில் அச்சமும் நம்பிக்கையும் மோதின. நம் வகுப்பறைகளில் அன்றாடம் என்ன நடக்கிறது என்று காட்டக் களச்சான்று போதுமான அளவு இல்லை. அதைத் திரட்டித் தர வேண்டிய பொறுப்பு நம் துறையுடையது.

ஆகவே அடுத்த இதழ் முதல், பாலினம், பாலியல் சார்ந்து நம் இதழுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு கட்டுரையும் இரண்டு கேள்விகளுக்கு விடை தர வேண்டும் எனக் கேட்கிறோம்: குழந்தையிடம் தனிப்பட்ட தகவல் கேட்கப்பட்டிருந்தால், அதைப் பள்ளியிடமிருந்தே பெற ஏன் இயலவில்லை? எதிர்பாராமல் ஒரு பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டால், அல்லது தனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டால், ஆய்வாளர் என்ன செய்வதாக முன்பே முடிவு செய்திருந்தார்?